குடும்பப் பல்

“என் மகன் வெள்ளிக்கிழமை கல்யாணம் பண்ணிக்கப் போறான். பொண்ணு, அவனோட தங்கச்சி.”

சொல்லிவிட்டு அந்த அம்மாள் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினார். எனக்குப் புரையேறிவிட்டது. நான் குடித்துக்கொண்டிருந்தது வெறும் தண்ணீர்.

என் முதலாளிக்கு ஒன்றும் ஏறவில்லை. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி எதைக் காட்டினாலும் ‘இதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது’ என்று எழுதி எழுதி, கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஊருக்கே அவர் சந்தேகம் சார். அவருடைய துப்பறியும் அலுவலகத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, அவர் பேசாத இடத்தில் பேசுவது, பேசும் இடத்தில் குறுக்கே பேசுவது, இத்தனையும் நான்தான். சம்பளம் மட்டும் ஓர் ஆளுக்குத்தான்.

“தங்கச்சின்னா, கூடப் பொறந்த தங்கச்சியா?” என்றார் சார்.

“அப்பா ஒண்ணு. அம்மா வேற.”

“யார் சொன்னா?”

“பல்லு சொல்லுச்சு.”

அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பெரிய பட்டறை ஒன்றின் முதலாளியம்மா. கைப்பையைத் திறந்து இரண்டு போட்டோக்களை எடுத்து, சீட்டு விளையாடுபவர் மாதிரி டப் டப்பென்று மேஜையில் போட்டார். ஒன்றில் வழுக்கைத் தலையும் தொப்பையுமாக ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் இருபத்தாறு வயதுப் பெண்.

“இவர் என் வீட்டுக்காரர். இவ பட்டறையில பில் போடற பொண்ணு. இவளைத்தான் என் மகன் கட்டிக்கப் போறான். முகத்தைப் பார்க்காதீங்க, பல்லைப் பாருங்க.”

பார்த்தோம். மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் நடுவே ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே சுண்ணாம்புத் துளி போல வெள்ளைப் புள்ளிகள். மாமனாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயிண்டர் ஒரே நாளில் அடித்த மாதிரி அப்படியே இருந்தது.

“கல்யாணமாகி வந்த அன்னைக்கு இவர் பல்லைப் பார்த்துட்டு, விளக்கற பழக்கமே இல்ல போலன்னு நினைச்சேன். மாமியார்தான் சொன்னாங்க. ‘இது எங்க ரத்தத்துல வர்ற பல்லு, விளக்கினாலும் போகாது’ன்னு. அதைப் பெருமையா வேற சொன்னாங்க. இவர், இவரோட அண்ணன், ரெண்டு நாத்தனார், நாலு பேருக்கும் அதே கோடு. குடும்பப் பல்லுன்னே சொல்வாங்க. என் மகன் மட்டும் என் வாயைக் கொண்டு பொறந்து தப்பிச்சான்.”

“இந்தப் பொண்ணோட அம்மாவுக்கு?” என்றார் சார்.

“வெள்ளை வெளேர்னு இருக்கு. நானே போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்துட்டேன். அப்பா செத்துட்டார். வீட்டுல போட்டோ மாட்டியிருக்காங்க, அதுல அந்த ஆளு வாயை இறுக்கி மூடியிருக்கார். சிரிக்கவே இல்ல.”

பெண் வளர்ந்தது நகரத்துக்கு வெளியே குவாரி காலனியில். அம்மாளின் மாமனார் அங்கேதான் ஃபோர்மேனாக இருந்தவர். கணவர் இருபத்திரண்டு வயதில் காலனியை விட்டு வந்து பட்டறை தொடங்கினார். அண்ணன் மட்டும் கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அங்கேயே இருந்தார்.

“அண்ணனைப் பார்க்கப் போறேன்னு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை இவர் கிளம்பிடுவார். ஒரு தடவைகூட என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல. தூசியாம்! அண்ணன் செத்து இருபத்தஞ்சு வருஷம். அதோட இவர் போறதும் நின்னுச்சு. பொண்ணுக்கு வயசு இருபத்தாறு. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.”

நான் மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணினேன். கணக்கு நன்றாகவே ஒத்துப்போனது. எனக்கு அந்த மனிதரைக் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல் இருந்தது.

“எட்டு மாசம் முன்னாடி இவ வேலை கேட்டு வந்தா. இன்டர்வியூ கிடையாது, சர்டிபிகேட் பார்க்கல. இவ ஒரு தடவை சிரிச்சதும் அவர் முகம் வெளுத்துப்போச்சு. மறுநாளே வேலை. ஜன்னலோரம் சீட்டு. தனி ஃபேன். எனக்கே பட்டறையில தனி ஃபேன் கிடையாது. அப்புறம் என் மகன் கட்டினா இவளைத்தான் கட்டுவேன்னு நின்னான். போன வாரம் அவளுக்கு இது வந்துச்சு.”

பையிலிருந்து மடித்த காகிதங்கள் வெளியே வந்தன. மூன்று பெரிய தாள்கள். ஒரு தாளுக்கு ஒரு வார்த்தை, ஒவ்வோர் எழுத்தும் நான்கு விரல் உயரம். இந்த. கல்யாணம். வேண்டாம்.

“மொட்டைக் கடிதாசியை இவ்வளவு பெருசாவா எழுதுவாங்க? தெருக்கோடியில இருந்து படிக்கலாமே,” என்றேன்.

“எழுதினதில்ல. ஸ்டென்சில் வெச்சு அடிச்சது. பஸ்ஸுக்குப் பின்னாடி ‘அவசர வழி’ன்னு அடிப்போமே, அந்த எழுத்து ஸ்டென்சில் செட்டு. அந்த அலமாரிச் சாவி இவர் இடுப்புல இருக்கு. என் மகன் நான்தான் போட்டேன்னு நினைச்சு என்கிட்ட பேசறதில்ல. போட்டது இவர். ஏன் போட்டார்? தன் பொண்ணுன்னு தெரிஞ்சதால போட்டார்.”

“நேரா அவரையே கேட்டுடலாமே?”

“கேட்டா பொய் சொல்வார். இல்லன்னா உண்மையைச் சொல்லிடுவார். ரெண்டையும் தாங்கிக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“ரத்த டெஸ்ட்?”

“அதுக்கு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். சொன்ன வாயோட நான் எங்க போய் விழறது? ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ். இன்னைக்குச் செவ்வாய்.”

அதுவரை கடகடவென்று பேசியவருக்குக் குரல் உடைந்தது. கையிலிருந்த பிஸ்கட்டும் உடைந்து டீக்குள் விழுந்தது. “அவ நல்ல பொண்ணு. என் மகன் அவமேல உயிரையே வெச்சிருக்கான். நிறுத்தினா அவன் செத்துப்போவான். நிறுத்தலன்னா நான் செத்துப்போவேன்.”

சந்தேகம் சார் இரண்டு போட்டோவையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

சாருடைய பல் டாக்டர் ஒரு குண்டம்மா. வாய் ஓயாது, கையும் ஓயாது. நாங்கள் போனபோது நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர் வாயைத் திறந்து வைத்துப் படுத்திருந்தார்.

“வாங்க காபி டேங்கர்,” என்று சாரை வரவேற்றார் டாக்டர். “சுத்தம் பண்ணி ஆறு மாசம் ஆகல, மறுபடியும் மஞ்சளா? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?”

“நாலு.”

“எட்டு,” என்றேன். என் முதலாளி என்னை முறைத்தார்.

போட்டோக்களை நீட்டினோம். டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தார். பிறகு கண்டக்டரின் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

“இதைப் பாருங்க. புகையிலை, டீ, காபி, இதெல்லாம் பல்லுக்கு மேல ஒட்டற கறை. சுரண்டினா போயிடும். அப்புறம் இவர் மறுபடியும் போடுவார், நான் மறுபடியும் சுரண்டுவேன். எங்க ரெண்டு பேருக்கும் பொழப்பு ஓடும்.”

கண்டக்டர் ஏதோ சொல்ல முயன்றார். “ஆ, ஆ” என்று மட்டும் வந்தது.

“போட்டோவுல இருக்கறது அந்த ஜாதிக் கறையே இல்ல. இது பல்லுக்கு உள்ளேயே ஊறினது. அடிபட்டு நரம்பு செத்தாலும் உள்ளே நிறம் மாறும், ஆனா அது ஒரு பல்லுதான் சாம்பலாகும். இப்படி நாலு பல்லும் ஒரே உயரத்துல கோடு போட்டுட்டு வராது. இது ஈறுக்குள்ள பல்லு உருவாகற வயசுலயே விழுந்தது. எட்டு வயசுக்குள்ள.”

“எதனால?” என்றார் சார்.

“சின்னப் பிள்ளையில கொடுத்த சில மாத்திரையால வரலாம். குடிச்ச தண்ணியில ஃப்ளோரைடு அதிகமா இருந்தா வரலாம். பரம்பரையா வர்ற பல் கோளாறும் உண்டு.”

“பரம்பரையா வருமா?” என்றேன்.

“வரும், அபூர்வமா. போட்டோவை வெச்சு நான் சத்தியம் பண்ண முடியாது. இந்தப் பல்லு எங்க வளர்ந்துச்சுன்னு போய்ப் பாருங்க.”

“இதைச் சரி பண்ண முடியுமா டாக்டர்?”

“லேசா இருந்தா மேல தலைமுடி கனத்துக்குத் தேய்ச்சு எடுத்துட்டு, வெளுக்கற மருந்து வைக்கலாம். ஆழமா இருந்தா பல்லு மேல மெல்லிசா ஓடு ஒட்டணும். ஒண்ணுமே பண்ணாமலும் இருக்கலாம், பல்லு பாட்டுக்கு நல்லாத்தான் மெல்லும். இதுல இந்தப் பெரியவர் இருக்காரே, இவர் செங்கல் தூள், கரித்தூள், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்ச்சிருக்கார். கோடு போகல, பல்லுதான் தேய்ஞ்சு போயிருக்கு. என்கிட்ட கூட்டிட்டு வாங்க, திட்டணும்.”

கண்டக்டர் மறுபடியும் “ஆ” என்றார். டாக்டர் அவர் வாயிலிருந்து கருவியை எடுத்தார்.

“நானும் எலுமிச்சம்பழம் தேய்ச்சேன்னு சொல்ல வந்தேன்,” என்றார் அவர் பாவமாக. அவருக்கு விழுந்த திட்டைக் கேட்டுக்கொண்டே நாங்கள் படியிறங்கினோம்.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குவாரி காலனியில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஒரே நீளத் தெரு, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு வீடுகள், எல்லாவற்றின் மேலும் கல்தூசி. தொண்டை வறண்டுபோய், முதலில் தெரிந்த பெட்டிக்கடையில் சோடா கேட்டேன். கடைக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். மீதிச் சில்லறையைக் கொடுத்துச் சிரித்தான்.

நான்கு பல். நடுவே பழுப்புக் கோடு.

சாரின் முழங்கையை இடித்தேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்தது பஞ்சர் கடை. ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து “என்ன சார் வேணும்?” என்றான். அதே கோடு. எதிர்வீட்டு வாசலில் துணி காயப்போட்ட பெண்ணுக்கும் அதே கோடு. அவளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த அவள் தம்பிக்கும் அதே கோடு.

“சார்,” என்றேன் மெதுவாக. “இந்த மனுஷன் நிஜமா மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் வந்தாரா?”

“வாயை மூடிட்டு நோட்டை எடும்மா. ஒவ்வொருத்தர் வயசும் கேளு.”

வாயை மூடிக்கொண்டு எப்படிக் கேட்பதாம்? ஆனாலும் கேட்டேன். ஒரு டஜன் டூத் பிரஷ் வாங்கி, பற்பசைக் கம்பெனி சர்வே என்று புளுகி, வீடு வீடாக ஏறினேன். “சிரிங்க அக்கா, ஒரே ஒரு தடவை.” “அண்ணே, கொஞ்சம் பல்லைக் காட்டுங்க.” இலவசம் என்றதும் சிரிக்காதவரும் சிரித்தார்கள். பிரஷ் தீர்ந்த பிறகும் வரிசை நின்றது. பன்னிரண்டு மணிக்குள் முப்பத்தொரு வாயைப் பார்த்து முடித்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நோட்டை வாங்கிப் பார்த்த சார், நடுவில் ஒரு கோடு கிழித்தார். “பாரு. முப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ அத்தனை பேருக்கும் பழுப்பு. நாற்பதுக்கு மேல ஒருத்தருக்கும் இல்ல.”

“நாற்பதுக்கு மேல பாதிப் பேருக்குப் பல்லே இல்ல சார்.”

“இருக்கற பல்லுல கோடு இல்ல. அப்போ முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி இங்க ஏதோ ஒண்ணு மாறியிருக்கு.”

“ஒருவேளை அவர் அப்பதான் தொழிலை விரிவு பண்ணாரோ என்னவோ.”

சார் தெருக்கோடிக்கு நடந்தார். அங்கே ஒரு பொதுக்குழாய். கழுத்துவரை சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. பக்கத்தில் சிமென்ட் தொட்டி, தொட்டியில் தலையை விட்டு நான்கைந்து ஆடுகள். குழாயடிக் கல்லில் தண்ணீர் திறந்துவிடும் ஆள் உட்கார்ந்திருந்தார், மடியில் நீளமான வால்வுச் சாவி. அறுபத்தைந்து வயது. பல்லில் கோடு இல்லை.

“பெரியவரே, இது என்ன குழாய்க்கு சிவப்புச் சட்டை?” என்றேன்.

“குடிக்காதேன்னு அர்த்தம். ஆறு வருஷம் முன்னாடி டெஸ்ட் பண்ணி, இந்தத் தண்ணி ஆகாதுன்னு சொல்லி அடிச்சுட்டுப் போனாங்க. இப்ப குடிக்க ஆத்துத் தண்ணி லைன் வந்துடுச்சு. இது துணிக்கும் ஆட்டுக்கும்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி ஊரே இதைத்தான் குடிச்சுது. என் சின்ன வயசுல எங்களுக்கு ஏரித் தண்ணிதாம்மா. போர் ஒண்ணே ஒண்ணு, ஃபோர்மேன் வீட்டுக்குள்ள. ஐநூறு அடி. கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு குடம் கேட்டா அந்த வீட்டம்மா கதவைச் சாத்திடும். ‘இது எங்க வீட்டுத் தண்ணி’ங்கும். ஃபோர்மேன் போனப்புறம்தான் கம்பெனிக்காரன் அதே போர்ல இருந்து தெருவுக்குப் பைப் போட்டான். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அன்னைக்கு நாங்க ஆடாத ஆட்டம் இல்ல.”

ஒரு குடம்கூடக் கொடுக்காமல் பொத்திப் பொத்திக் குடித்த தண்ணீர், அந்த வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் பல்லிலும் கோடு கிழித்துவிட்டது. அதை ரத்தம் என்று நினைத்துப் பெருமை பேசியிருக்கிறார்கள், மகராசிகள்.

சார் எடைமேடை அம்மாவின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அவர்தான் பில் போடும் பெண்ணின் அம்மா. குவாரி வாசலில் லாரிகளுக்கு எடை பார்ப்பவர்.

“அவங்களா? அந்தம்மா வீட்டுக்காரர் லாரி டிரைவரா வேற குவாரியில இருந்து மாத்தலாகி வந்தார். இருபத்துநாலு வருஷம் இருக்கும். பொண்ணு அப்ப கைக்குழந்தை, தத்தக்கா பித்தக்கான்னு நடக்கும்.”

“ஃபோர்மேன் மூத்த மகன் அப்ப இருந்தாரா?”

“அவர் அதுக்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துட்டாரே. அந்த வீட்டைத்தான் காலி பண்ணி டிரைவருக்குக் கொடுத்தாங்க.”

சார் நோட்டை மூடினார். அந்தக் குடும்பம் இங்கே வருவதற்கு ஒரு வருஷம் முன்பே நம் ஆளின் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றுவிட்டது. கேஸ் முடிந்தது என்று நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. தொட்டியில் குடித்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டை உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, அந்த ஆட்டைக் கொஞ்சம் சிரிக்க வை,” என்றார் என்னிடம்.

“என்னது?”

“பல்லைப் பார்க்கணும்.”

இதற்காகவா என்னை அப்பா பட்டப்படிப்பு படிக்க வைத்தார்? ஆட்டை ஓரங்கட்டி, தாடியைப் பிடித்து, கீழ் உதட்டை இழுத்தேன். அது என் முகத்தில் ஒரு தும்மல் போட்டது. ஆனால் பல் தெரிந்தது. ஆட்டுக்கு மேலே முன்பல் கிடையாது, கீழ்வரிசையில்தான். அந்த வரிசை முழுக்கக் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு.

இடது கையால் உதட்டைப் பிடித்துக்கொண்டே வலது கையால் போட்டோ எடுத்தேன். “இதுக்கும் அவர்தான் அப்பாவான்னு அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க சார்,” என்றேன்.

*

வியாழக்கிழமை பட்டறைக்குப் போனோம். நான்கு பஸ்கள் தோலில்லாமல் எலும்புக்கூடாக நின்றன. தகடு வெட்டும் சத்தம் காதைப் பிளந்தது. பட்டறை முதலாளி புது பஸ்ஸுக்கு அடிச்சட்டம் பார்க்கப் போயிருந்தார். மகன் புது பஸ்ஸை ஒப்படைக்க வெளியூர் போயிருந்தான். மாடி அறையில் முதலாளியம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

சார் மேஜையில் மூன்று போட்டோவை வைத்தார்.

“இவர் உங்க வீட்டுக்காரர். இவங்க உங்க மருமக. இது யாருன்னு தெரியுதா?”

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது போட்டோவைப் பார்த்தார். “ஐயோ, இது யாரு? இவ்வளவு தாடியோட?”

“ஆடு.”

பிறகு சார் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தொரு வாய், சிவப்புக் குழாய், ஃபோர்மேன் வீட்டு போர், இருபத்துநாலு வருஷத்துக்கு முன் கைக்குழந்தையோடு வந்த டிரைவர். கடைசியில் அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். பாதி அழுகையில் சட்டென்று நிறுத்தினார்.

“இருங்க. அப்புறம் ஏன் இவர் கடிதாசி போட்டார்?”

“அதுதான் எனக்கும் சந்தேகம்,” என்றார் சார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தொப்பையும் வழுக்கையுமாக முதலாளி. கீழே வாட்ச்மேன் சொல்லியிருப்பான் போல, மூச்சு வாங்க வந்து நின்றார். மேஜையில் இருந்த இரண்டு போட்டோவைப் பார்த்தார். ஆட்டைக் கவனிக்கவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

“தெரிஞ்சுபோச்சா?” என்றார். “நான்தான் கடிதாசி போட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றே? அவ எங்க அண்ணன் பொண்ணு. நம்ம பையனுக்குத் தங்கச்சி முறை. செத்துப்போன மனுஷன் மானத்தை எப்படி நான் கடைத்தெருவுல ஏலம் விடறது?”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

“அண்ணன் பொண்ணா?” என்றார் அம்மாள். “உங்க பொண்ணு இல்லையா?”

“என் பொண்ணா? அடிப்பாவி! யாருடி சொன்னா உனக்கு?”

“பல்லு!”

“எனக்கும் பல்லுதான்டி சொல்லுச்சு! அந்தப் பல்லைப் பார்த்துட்டுத்தானே வேலையே கொடுத்தேன். அண்ணன் ரத்தமாச்சே, வெயில்ல உட்கார வேண்டாம்னு ஃபேன் போட்டேன்!”

“எட்டு மாசமா நான் கண்ணை மூடல தெரியுமா?”

“நானும்தான்டி மூடல!”

ஒரே கட்டிலில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து, ஒரே பயத்தை ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் வைத்துக்கொண்டு எட்டு மாதம் தூங்குவதாக நடித்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் ஓர் ஆட்டிடம் தும்மல் வாங்கியிருக்க வேண்டாம். சார் ஆட்டுப் போட்டோவை முதலாளியின் பக்கம் தள்ளி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அவர் முடித்தபோதுதான் கவனித்தேன். கதவு திறந்தே இருந்தது. வாசலில் பில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அந்தப் பெண் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தேவையானது எல்லாம் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“எங்கம்மாவைப் பத்தியா மேடம் பேசினீங்க?”

அம்மாள் எழுந்தார்.

“நான் சிரிக்கறப்பல்லாம் நீங்க என் வாயையே பார்ப்பீங்க. அசிங்கமா இருக்குன்னு பார்க்கறீங்கன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு அழுதிருக்கேன். ஓடு ஒட்டறதுக்கு டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கிட்டேன். நீங்க பார்த்தது பல்லை இல்லையா? எங்கம்மாவையா?”

“கண்ணு, நான் தப்பு...”

“தப்பை என்கிட்ட சொல்லாதீங்க மேடம். எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க. ரெண்டு பேரும் வரணும். ஒரு வார்த்தை விடாம சொல்லணும். அதைக் கேட்டுட்டு அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் முடிவு. வேண்டாம்னா வேண்டாம்தான்.”

நிறுத்தத் துடித்தவர்கள் இரண்டு பேரும், இப்போது கல்யாணம் நின்றுவிடுமோ என்று நடுங்கினார்கள். முதலாளி கார் சாவியைத் தேடினார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

*

எடைமேடை அறை ஒரு லாரி கேபின் அளவுதான். நாங்கள் ஆறு பேர் அதற்குள் எப்படி நுழைந்தோம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜல்லி லாரி மேடையேறி நின்றது. அந்தம்மா திரையில் எடையைப் பார்த்து, சீட்டைக் கிழித்து டிரைவரிடம் நீட்டிவிட்டு, சுழல் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். ஐம்பது வயதிருக்கும். கல்தூசி படிந்த நேர்வகிடு, நிமிர்ந்த முதுகு.

முதலாளியம்மா சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. பல், ஞாயிற்றுக்கிழமை, இருபத்தாறு வயதுக் கணக்கு, எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கூசியது. கடைசி வாக்கியம் காற்றாகத்தான் வந்தது.

“உங்களையும் இவரையும் சேர்த்து வெச்சு நினைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் கைகட்டி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடைமேடை அம்மா முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். வழுக்கையில் ஆரம்பித்துத் தொப்பையில் நின்று செருப்புவரை இறங்கி, மறுபடியும் வழுக்கைக்கு வந்தார். மேடையேறிய வண்டியைப் பார்க்கும் அதே பார்வை.

“இவரையா?” என்றார்.

முதலாளி தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“இவரையா நான்?” அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார். “இருபது வருஷமா லாரி பார்க்கறேன். மேடை ஏறும்போதே லோடா காலியான்னு சொல்லிடுவேன். இது காலி வண்டி! எங்க வீட்டுக்காரர் ஆறடி உசரம். அவரைப் பார்த்த கண்ணுக்கு... இவரா!”

முதலாளியம்மாவும் நிம்மதியில் கூடச் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தேகம் சார்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பு ஒரு சுற்று வந்து முடிவதற்குள் முதலாளியம்மாவின் முகம் மாறியது.

“ஏன்?” என்றார். “அவருக்கு என்ன குறைச்சல்?”

“அட, நான் சும்மா...”

“என்ன சும்மா? வாலிபத்துல எப்படி இருந்தார் தெரியுமா? தலை நிறைய முடி. ஒத்தைக் கையில டயரைத் தூக்குவார். காலி வண்டியாம்! முப்பத்தொரு வருஷம் நான் கூட வாழ்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா எது லோடு எது காலின்னு?”

முதலாளி மெல்லத் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். அந்த மனிதருக்கு வாயெல்லாம் பல்.

“ஆறடின்னா போதுமா?” என்று முதலாளியம்மா அடுத்த ரவுண்டுக்குப் புடவையை இழுத்துச் செருகினார். எடைமேடை அம்மாவும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். வெளியே அடுத்த லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

அந்தப் பெண் இருவருக்கும் நடுவில் புகுந்தாள். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்ததோ, ஒரு கை அம்மாவின் தோளில், ஒரு கை முதலாளியம்மாவின் தோளில் இருந்தது.

“சண்டையை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வெச்சுக்கோங்க அத்தை,” என்றாள். “பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கணும்.”